கரியமில வாயு ஏன் கப்பலேறுகிறது?

திருச்சி மாவட்டத்து முசிறியில் காவிரி உண்டு, கடல் இல்லை. ஆனால் இதே மாவட்டத்துக் கல்லக்குடியில் சிமென்ட் ஆலை உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லே கார்பன் டை ஆக்சைடை, அதாவது கரியமில வாயுவை, விடும். நிலக்கரியைக் கைவிட்டாலும் அது நிற்காது. பிடித்துப் புதைக்கத்தான் வேண்டும்.

கடலடியில் புதைப்பதென்றால் துறைமுகம் தேவைப்படுகிறது. ஆலை இரவுபகலாக வாயுவை விடும். கப்பலோ எப்போதாவதுதான் வரும். அதுவரை கரையில் தொட்டிகளில் திரவமாகத் தேக்க வேண்டும். வெறுமனே குளிரவைத்தால் போதாது. சாதாரண அழுத்தத்தில் இந்த வாயு திரவமாகாமல் நேரே உலர்பனியாக உறைந்துவிடும். ஆகவே நார்வேயில் சுமார் 15 மடங்கு காற்றழுத்தத்தில், மைனஸ் 26 டிகிரியில் திரவமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். பிறகு கடலடிக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். 2025-இல் இது தொடங்கியது.

நம் தூத்துக்குடியில் 2016-இலேயே ஆலை ஒன்றின் கொதிகலன் புகையிலிருந்து இந்த வாயுவைப் பிடித்துச் சோடா சாம்பலாக்கினார்கள். தூத்துக்குடித் துறைமுகக் கரையில் தேக்கும் தொட்டிகளும் எழ வேண்டும் என்பது என் ஆசை.