படப்பிலிருந்து பறக்கும் பூசணம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை வடகிழக்குப் பருவமழையை நம்பியே நடக்கிறது. அம்மழைக்கு விதைத்த சோளமும் கம்பும் மக்காச்சோளமும் அறுவடையானபின் கதிர் களத்துக்கும் தட்டை படப்புக்கும் (தீவனத்தை அடுக்கிவைக்கும் போருக்கும்) போக, கோடை முழுவதும் மாடுகளின் பசியை ஆற்றுவது அந்தப் படப்பே. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்தச் சீமையில் தீவனம் பூசணம் பிடிக்காது என்று எண்ணுவதற்கில்லை. தைப் பனியிலோ அறுப்புக் காலத்து மழையிலோ நனைந்த தட்டையைச் சரியாகக் காயவிடாமல் அடுக்கினால், உள்ளே தங்கிய ஈரமே பூசணம் வளரப் போதுமானது.

அத்தகைய படப்பின் அடியிலிருந்து ஒரு கட்டை உருவி உதறினால் மக்கல் வாடையோடு சாம்பல் நிறத் தூசி புகைபோல எழும்புகிறது. அது வெறும் மண்தூசியன்று. அதில் பூசணத்தின் வித்துகள், அதாவது அது இனம்பெருக்கக் காற்றில் விடும் நுண்மணிகள், கணக்கின்றிக் கலந்திருக்கின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்னும் பூசணத்தின் வித்து இரண்டு மூன்று மைக்ரான் அளவே உள்ளது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆகவே அது மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை சென்றுவிடுகிறது. கோழிப் பண்ணைகளில் தரையில் பரப்பும் கூளம் ஈரமாகிப் பூத்துவிட்டால், குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறி மடிவதற்கு இதே பூசணம் காரணமாகிறது.

பாக்டீரியாக்களின் பங்கும் குறைந்ததன்று. ஈரத்தட்டை தானே சூடேறும்போது, அந்தச் சூட்டை விரும்பும் ஆக்டினோமைசீட்ஸ் வகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றின் தூசியை அடிக்கடி சுவாசிப்பவர்க்கு, வேலை முடிந்து நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் காய்ச்சலும் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் தோன்றுகின்றன. ‘உழவர் நுரையீரல்’ என்று மருத்துவர் கூறும் இந்நோய், மாலையில் வருவதாலேயே சாதாரணக் காய்ச்சலாகக் கருதப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் நுரையீரலைத் தழும்பாக்கிவிடக்கூடும். இத்தகைய தூசியால் தானியம் சலிப்போர்க்கு வரும் மூச்சுத்தொல்லையை இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்.

மனிதர் தின்ன ஆகாததை மாட்டுக்குப் போடும் வழக்கமே எல்லாவற்றிலும் மிகவும் வருத்தத்துக்குரியது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று தெரியவந்தது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் உண்டாக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். பசு அதைத் தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது, காய்ச்சினாலும் அழிவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட பால் ஆய்வில், தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88இல் இந்நஞ்சு அனுமதித்த அளவை மீறியிருந்தது.

ஆகவே தட்டையை நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் கல்லோ கட்டையோ பரப்பி அதன்மேல் படப்புப் போடுங்கள். உதறுவதைத் தொழுவுக்கு வெளியே, காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று, முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். பூசணம் பூத்த தட்டையையும் புண்ணாக்கையும், விலை கொடுத்து வாங்கியதே ஆனாலும், மாட்டுக்குப் போடாதீர்கள்.