சுவர் ஏன் நனைகிறது?



போன வருஷம் மழை நின்று ஒரு மாதம் ஆகியும் எங்க வீட்டுப் பின்சுவர் காயவில்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம். சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. வெள்ளையாக உப்பு பூத்தது. அந்தச் சுவரோரம்தான் ஆச்சி படுப்பாங்க. ராத்திரியெல்லாம் இருமல். நான் அங்கே அடுக்கி வைத்த நோட்டுகளும் பூசணம் பிடித்துப் போச்சு.

இதற்குப் பெயர் ஓதம். கூரை ஒழுகினால் ஈரம் மேலிருந்து இறங்கும். ஓதமோ கீழிருந்து ஏறும். எப்படி? ஒரு மூடியில் நீல மை ஊற்றி அதில் சாக்பீஸை நிறுத்திப் பாருங்கள். மை தானாக மேலே ஏறும். சாக்பீஸில் உள்ளது போலவே செங்கல்லிலும் சாந்திலும் நுண்துளைகள் உண்டு. இதுதான் நுண்புழை ஏற்றம். மண்ணில் உள்ள உப்பும் தண்ணீரில் கரைந்து ஏறும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும்.

அப்பா சிமெண்ட் பூசி மறைத்தார். அடுத்த மழையில் ஈரம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது! கொத்தனார் மாமா பார்த்துவிட்டு, "ஈரம் வெளியே போற வழியை அடைச்சிட்டீங்க. அது மேலதான ஏறும்? மொதல்ல தண்ணி எங்கருந்து வருதுன்னு பாருங்க" என்றார்.

பார்த்தோம். தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்தச் சுவரடியில் கொட்டியது நான்தான். கூரைத் தண்ணீரும் அங்கேயே விழுந்தது. எங்க ஊர் கரிசல் மண். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரத்துக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் இப்படி ஆனால் சுவர் கீறிவிடும். எங்க ஜன்னல் மூலையில் கீறல் விழுந்தே விட்டது.

நாங்கள் செய்தவை:

1. சுவரடியில் மண் போட்டுக் கெட்டித்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவாக்கினோம்.
2. கூரை விளிம்பில் தகரத் தூம்பு வைத்தோம்.
3. கழுவும் தண்ணீரை வாழைக்குத் திருப்பினோம்.
4. சிமெண்ட் பூச்சைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம்.

புது வீடு கட்டுபவர்கள் பேஸ்மட்டத்தை உயர்த்தி, அதன்மேல் நீர் புகாத பவுடர் கலந்த கான்கிரீட் போட்டுவிட்டுச் சுவர் எழுப்ப வேண்டும். எங்க தாத்தா கட்டும்போது அதைப் போடவில்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் நாமே ஊற்றும் தண்ணீரை நிறுத்தலாமே!

சுவர் காய மூன்று மாதம் ஆச்சு. ஆச்சியின் கட்டிலையும் நகர்த்திப் போட்டோம். இருமல் குறைந்திருக்கு, முழுசா நிற்கவில்லை.

நம் பள்ளிக் குழாயடிக்குப் பின்னால் இருக்கும் வகுப்பறைச் சுவரைப் பாருங்கள். அங்கேயும் உப்பு பூத்திருக்கிறது. தட்டு கழுவும் தண்ணீரை வேப்பமரத்துக்கு விட ஒரு சின்ன வாய்க்கால் போதும். வெட்ட நான் ரெடி. நீங்கள்?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி