செத்த கோழியைப் புதைக்கும் முன்

2021 ஜனவரி தொடக்கத்தில் டெல்லி ஜனக்புரியின் மாவட்டப் பூங்காவில் காகங்கள் செத்துக் கிடந்தன. நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் கண்ணில் படுகிற இடம் என்பதால் செய்தி அன்றே பரவியது. மயூர் விஹார், சஞ்சய் ஏரி, துவாரகா ஆகிய இடங்களிலும் பறவைகள் செத்தன. அங்கிருந்து போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போன 8 மாதிரிகளிலும் பறவைக் காய்ச்சல் இருப்பது ஜனவரி 11 அன்று உறுதியானது. ஜனக்புரியை ஒட்டிய ஹஸ்தசால் பூங்கா உட்படச் சில பூங்காக்கள் மூடப்பட்டன. காகத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. அதன் சாவை மறைப்பதில் யாருக்கும் லாபமும் இல்லை. ஆகவே விஷயம் சில நாட்களில் ஆய்வகம் வரை போய்விட்டது. பக்கத்துச் சந்தில், மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வளர்கிற பத்துக் கோழிகளில் நான்கு ஒரே இரவில் செத்தால் என்ன நடக்கிறது? கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம். சோர்ந்திருப்பதை அவசரமாக அறுத்துக் குழம்பு வைக்கிறோம். மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். மூன்றுமே ஆபத்து. நான் இங்கே வலியுறுத்துவது இன்னொன்று: மூன்றுமே கோழிக்காரருக்கு நஷ்டம்.

“வெயில் தாங்கவில்லை, தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை” என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். பூசணம் பிடித்த மக்காச்சோளம், எலி மருந்து, மே மாத அனல் எல்லாமே கோழியைக் கொல்லும். தொற்று நோய்களில் நம் ஊர்க் கோழிகளை அதிகம் கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிகெட் நோய். அதில் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பிழைத்ததற்குக் கழுத்து திருகிக்கொள்ளும். பறவைக் காய்ச்சலில் கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாரிக்கும், கால் தோலில் ரத்தக் கட்டு தெரியும். புத்தகத்தில் இப்படித் தனித்தனியாக இருப்பது கூண்டில் அப்படி இருப்பதில்லை. கழிச்சலும் மூச்சுத் திணறலும் இரண்டிலும் வரும். தீவிரமான தாக்குதலில் எந்த அறிகுறியும் காட்டாமல் விடிவதற்குள் செத்துக் கிடக்கும். அனுபவமுள்ள கால்நடை மருத்துவரே சளி, எச்ச மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் பேசுவார். ராணிகெட்டுக்குத் தடுப்பூசி உண்டு, தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறார்கள். பறவைக் காய்ச்சல் வந்தால் கோழிகளை அழிப்பதுதான் இந்தியாவில் இன்றைய நடைமுறை. பார்வையால் பிரிக்க முடியாத இரண்டு நோய்களுக்கு இவ்வளவு வேறுபட்ட முடிவு இருக்கும்போது, ஊகத்தை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

“நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே, பிறகென்ன?” என்பார்கள். 70 டிகிரி செல்சியஸில் இறைச்சி முழுவதும் வெந்தால் வைரஸ் அழியும் என்பது சரி. ஆனால் கோழி அடுப்புக்கு வருவதற்கு முன் கழுத்தை அறுக்கிறோம், இறகு பறிக்கிறோம், குடலை உருவுகிறோம். ஆபத்து இருப்பது அந்த அரை மணி நேரத்தில். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், பக்கத்தில் நிற்பது குழந்தைகள். 2003 முதல் உலகெங்கும் பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வகை தொற்றியதாகப் பதிவானவர்கள் 900 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தார்கள். மனிதருக்கு எளிதில் ஒட்டாத நோய்தான், ஒட்டினால் விடுவதில்லை. இந்தியாவின் முதல் மரணம் 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் நிகழ்ந்தது. இறந்தது ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அது பச்சைக் கோழிக்கறியைத் தின்றிருந்தது.

இனி சட்டம். விலங்குகளின் தொற்று நோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2009-இன்படி, அட்டவணையில் உள்ள நோய் தன் பிராணிக்கு வந்திருக்கும் என்று சந்தேகிக்க இடமிருந்தாலே தெரிவிக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை. பத்தாயிரம் கோழிப் பண்ணைக்கும் பத்துக் கோழிக் கூண்டுக்கும் இதில் வேறுபாடு இல்லை. இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள்: “சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள்.” பறவைக் காய்ச்சல் உறுதியானால் கொல்வார்கள்தான், நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை அழிப்பு, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. ஆனால் அழிக்கப்படும் கோழிக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் இழப்பீடு உண்டு, அதை மத்திய அரசும் மாநிலமும் பாதிப்பாதியாகப் பகிர்கின்றன. அதற்கு முன்பே தானாகச் செத்த கோழிக்கு ஒரு காசும் கிடையாது. ஆக, ஒவ்வொரு நாள் தாமதமும் இழப்பீடு கிடைக்கக்கூடிய கோழியை இழப்பீடு இல்லாத கோழியாக மாற்றுகிறது. இந்த விதி நியாயமானதா என்று கேட்டால், எனக்கு உடன்பாடில்லை. முதலில் செத்ததைக் காட்டித் தகவல் சொன்னவருக்கு அதற்கும் கொஞ்சம் கொடுத்தால்தான் ஜனங்கள் ஓடிவந்து சொல்வார்கள். ஆனால் இருக்கிற விதியின்படி பார்த்தாலும் கணக்கு சீக்கிரம் சொல்பவர் பக்கம்தான்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மேற்கு வங்கம் சாட்சி. பீர்பூம் மாவட்டத்துக் கொல்லைக் கோழிகளில் தொடங்கியது, மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பரவி, 40 லட்சம் அளவில் கோழிகளை அழிப்பதில் முடிந்தது. “செய்தி கிளம்பினால் வியாபாரம் படுத்துவிடும்” என்ற பயத்துக்கு டெல்லியே பதில் வைத்திருக்கிறது. 2021 ஜனவரி 9 அன்று காஜிப்பூர் கோழிச் சந்தை பத்து நாட்களுக்கு மூடப்பட்டது. அங்கே எடுத்த 100 மாதிரிகளிலும் நோய் இல்லை என்று தெரிந்ததும் 14-ஆம் தேதியே தடை நீங்கியது. வியாபாரத்தைக் கெடுத்தது சந்தேகம், மீட்டுக் கொடுத்தது பரிசோதனை.

ஆகவே காரணம் தெரியாமல் ஒன்றிரண்டு நாட்களில் பல கோழிகள் செத்தால், செத்ததை அறுத்துப் பார்க்காதீர்கள், ஆற்றிலோ குப்பையிலோ எறியாதீர்கள், காகமும் நாயும் எட்டாதபடி மூடி வையுங்கள். மிஞ்சியதை வெளியே விடாதீர்கள், விற்காதீர்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நாட்களுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால் மருத்துவரிடம் “செத்த கோழியைத் தொட்டேன்” என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார். டெல்லியில் மாநில அரசின் கால்நடைப் பராமரிப்புப் பிரிவுக்கும் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கும், தமிழ்நாட்டில் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தெரிவிக்கலாம். வாய்மொழியோடு நிற்காமல் தேதி போட்டு எழுத்திலும் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிவைச் சொல்லாமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அழிப்புக் குழு வாசலுக்கு வந்துவிட்டால், எத்தனை கோழி, எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம் என்று எழுதி அதிகாரியின் கையெழுத்து வாங்கும்வரை கூண்டைத் திறந்துவிடாதீர்கள்.