வாங்க ஆளின்றித் திரும்பும் ஒட்டகங்கள்

புஷ்கர் (ராஜஸ்தான்): தீபாவளி நெருங்கும்போதே ராய்கா குடியிருப்புகளில் கத்தரிக்கோல்கள் வெளியே வந்துவிடும். விற்பனைக்குரிய ஒட்டகத்தின் ரோமத்தைக் கத்தரித்து, முதுகிலும் கழுத்திலும் கோலமிடுவார்கள். மூக்கில் மரமுளை, கழுத்தில் மணிமாலை, காலில் சலங்கை. பிறகு மந்தையோடு பல நாள் நடை. அஜ்மீரை அடுத்த புஷ்கரில் கார்த்திகைப் பௌர்ணமிக்குச் சில நாள்கள் முன்பே கால்நடைச் சந்தை கூடிவிடும். பௌர்ணமியன்று ஏரியில் நீராட வரும் பக்தர் கூட்டம் அதற்குப் பிந்தியதே.

சந்தைக்குள் நுழையும் கால்நடைகளைக் கால்நடைத் துறையின் சோதனைச் சாவடிகள் கணக்கெடுக்கின்றன. விற்றால், 'ரவன்னா' எனப்படும் அனுமதிச் சீட்டு பெற்றுத்தான் வெளியே கொண்டு செல்ல முடியும். அண்மை ஆண்டுகளில் இக்கணக்கில் ஒட்டகங்களைக் குதிரைகள் முந்திவிட்டன. ஒட்டகத்தின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது கணிக்கும் வியாபாரிகளைவிட, அதன் அருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகளே அதிகம்.

இதற்கு ஒரு சட்டமும் காரணம். 2014-ல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்த ராஜஸ்தான் அரசு, 2015-ல் அதைக் கொல்வதைத் தடை செய்யவும், மாநிலத்துக்கு வெளியே கொண்டு செல்வதைக் கட்டுப்படுத்தவும் சட்டம் இயற்றியது. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால், சந்தையின் கணக்கு வேறு.

ராய்காக்கள் மரபாகப் பெண் ஒட்டகத்தை விற்பதில்லை, தாங்கள் கொல்வதுமில்லை. ஒட்டகத்தைப் பேணவே சிவபெருமான் தங்களைப் படைத்ததாக நம்பும் சமூகம் இது. ஆண் கன்றுகளை வளர்த்துப் புஷ்கரில் விற்பதே அவர்களது ஆண்டு வருமானம். வண்டிக்கும் உழவுக்கும் வாங்கியவர்கள் டிராக்டருக்கு மாறிய பிறகு, வெளிமாநில வியாபாரிகளே எஞ்சினர். அவர்களில் சிலர் இறைச்சிக்காகவே வாங்கினர் என்பது சந்தையில் எல்லோரும் அறிந்த, எவரும் உரக்கப் பேசாத செய்தி. சட்டம் வந்ததும் அவர்கள் வருகை குறைந்தது, விலை சரிந்தது. வருமானம் தராத மந்தையைப் பெருக்குவதற்கு மேய்ப்பவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

பழி முழுவதையும் சட்டத்தின் மீதே போடுவதும் சரியல்ல. 1992-ல் நாட்டில் சுமார் 10 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012-ல் அது 4 லட்சமாகக் குறைந்தபோது இச்சட்டம் பிறக்கவே இல்லை. கால்வாய்ப் பாசனம் மேய்ச்சல் நிலங்களை வயல்களாக்கியது. கும்பல்கட் சரணாலயத்தில் மேய்ச்சல் உரிமை சுருங்கியது. எனினும், 2019 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 2.5 லட்சம்தான். ஏழே ஆண்டுகளில் 37 சதவீத வீழ்ச்சி. காக்க வந்த சட்டம் இந்தச் சரிவைத் தடுக்கவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா?

'சந்தைகளும் திருவிழாக்களும்' அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 28-வது இனம். ஆனால் மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. அந்த வழியாகத்தான் 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. சந்தையில் இறைச்சிக்காகக் கால்நடை விற்பதைத் தடுத்த அவ்விதிகளில் ஒட்டகமும் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரே வாரத்தில் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அத்தடையை ஜூலையில் நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தியது உச்ச நீதிமன்றம். தில்லியில் அன்று நடந்த விவாதம் பெரும்பாலும் பசுவையும் மாட்டிறைச்சியையும் சுற்றியே இருந்தது. குடியரசு தின அணிவகுப்பில் ஒட்டகப் படைக்குக் கைதட்டும் தலைநகருக்கு, ஒட்டகம் மேய்ப்பவர் நினைவுக்கு வரவில்லை.

கன்று பிறந்தால் தவணைகளில் 10,000 ரூபாய் தரும் திட்டத்தை 2016-ல் ராஜஸ்தான் தொடங்கியது. ஆனால் ஒட்டகத்தின் கர்ப்ப காலமே சுமார் 13 மாதங்கள்; பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்று. பால்தான் நிலையான வழி என்பவர்கள் அண்டை மாநிலத்தைக் காட்டுகின்றனர். ஒட்டகப் பாலுக்கு 2016-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தர நிர்ணயம் செய்தது. 2019-ல் குஜராத்தின் கட்ச் பகுதிப் பாலை அமுல் புட்டிகளில் விற்கத் தொடங்கியது. ராஜஸ்தானில் கொள்முதல் அந்த அளவுக்கு வளரவில்லை.

அலங்காரப் போட்டியும் ஒட்டக நடனமும் முடிந்து, பௌர்ணமிக் கூட்டமும் கலைவதற்கு முன்பே, விற்காத ஒட்டகங்களுடன் பலர் ஊர் திரும்பத் தொடங்கிவிடுகின்றனர். தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தீவனமும் தண்ணீரும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரவன்னாவுக்கு வேலையில்லை, கோலமிட்ட முதுகுகளுடன் மந்தை வந்த வழியே நடக்கிறது.