மிரட்டுபவனின் மூலதனம் நமது அச்சமே



முகநூலில் அறிமுகமற்ற ஒருவன் இனிக்கப் பேசி, அந்தரங்கப் புகைப்படமொன்றைப் பெற்றுக்கொள்கிறான். அடுத்து, "பணம் அனுப்பு, இன்றேல் உன் குடும்பத்தாருக்கு இதனை அனுப்புவேன்" என மிரட்டுகிறான். கொடுத்தால் மிரட்டல் ஓய்வதில்லை, தொகையே கூடுகின்றது. வாப்பாவுக்கு அஞ்சிப் பிள்ளை மௌனம் காப்பதே அவனது மூலதனமாகும்.

எனவே பிள்ளைகளே! பணம் கொடாதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சான்றுகள். அவற்றைச் சேமித்தபின் அவனது தொடர்பைத் துண்டியுங்கள். உடனே பெற்றோரிடம் கூறுங்கள்.

பெற்றோர்களே! ஏசுவதற்கு முன் செவிமடுங்கள். பிள்ளையின் மானம் உங்களிடமுள்ள அமானிதமாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள், பொலிஸிலும் முறையிடுங்கள். மிரட்டிக் கப்பம் பெறுதல் நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். குற்றவாளி அவனே, உங்கள் பிள்ளையல்ல.