கொடுப்பனவை மீளாய்வு செய்யக் கேட்பதா, இருப்பதோடு இருந்துவிடுவதா? – பார்வை இழந்து வரும் ஒருவனின் கணக்கு



"கேட்கப் போய் உள்ளதையும் இழந்துவிடாதே" என்றார் மச்சான். "கேட்காமல் யார் தரப் போகிறார்கள்?" என்றார் மனைவி. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் ஆறு வாரங்களாக என்னால் ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்க முடியவில்லை.

எனக்கு வயது 64. கல்முனைப் பக்கம் பிறந்து, முப்பது வருடங்களுக்கு மேலாக லண்டன் ஹரோவில் வாழ்கிறேன். என் கண்ணுக்கு வந்திருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். பரம்பரை நோய். என் வாப்பாவும் உம்மாவும் மச்சான் மச்சி முறை. நெருங்கிய சொந்தத்தில் முடிக்கும்போது இப்படியான சில நோய்களுக்கு வாய்ப்புக் கூடும் என்பதை எங்கள் ஊர்களில் இன்னும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

பிரித்தானியாவில் இயலாமை உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பிரதான கொடுப்பனவின் பெயர் பேர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமன்ட். எல்லோரும் 'பிப்' என்பார்கள். 2013இல் வந்தது. வருமானம் பார்ப்பதில்லை, வேலை செய்கிறவருக்கும் கிடைக்கும். நோயின் பெயருக்கு அல்ல, அந்த நோயால் அன்றாடம் எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான் புள்ளி போடுவார்கள். கண் வைத்திய நிபுணரின் சான்றிதழ் கையில் இருந்தாலும் பிப் தானாகக் கிடைக்காது.

அதில் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று அன்றாட வாழ்வுக்கு, மற்றையது நடமாட்டத்துக்கு. ஒவ்வொன்றிலும் 8 புள்ளி எடுத்தால் சாதாரண தொகை, 12 எடுத்தால் உயர் தொகை. 2025-26ஆம் வருடத்தில் அன்றாட வாழ்வுக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண். நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண்.

எனக்கு இரண்டிலும் சாதாரண தொகைதான். அன்றாட வாழ்வில் சமையலுக்கு 4, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வாசிப்பதற்கு 2, குளியலறையில் கைபிடி தேவைப்படுவதற்கு 2. மொத்தம் சரியாக 8. ஒரு புள்ளி கூட மிச்சமில்லை. மச்சானின் பயம் இங்கேதான் தொடங்குகின்றது.

நிலைமை மோசமாகிவிட்டது என்று நாம் அறிவித்தால், மோசமான அந்த ஒரு விடயத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டுப் போகமாட்டார்கள். முழுக் கோவையையும் திறப்பார்கள். கூட்டலாம், அப்படியே விடலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். எனக்குக் குளியலறைக் கைபிடிக்கான 2 போனால் மிஞ்சுவது 6. அப்போது வாரம் 73.90 போய்விடும். அதோடு நிற்காது. என்னைப் பராமரிப்பதற்காக மனைவிக்குக் கிடைக்கும் தொகை, 2025-26இல் வாரம் 83.30 பவுண், என்னுடைய அன்றாட வாழ்வுப் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றது. இது விழுந்தால் அதுவும் விழும். இரண்டும் சேர்ந்து வாரம் 157.20. எங்கள் வீட்டு வாடகையில் விழும் துண்டை அந்தப் பணம்தான் அடைக்கின்றது.

இதற்கிடையில் வாட்ஸ்அப் குழுக்கள். 2025 மார்ச்சில் அரசாங்கம் பிப் விதிகளை இறுக்கப் போவதாக அறிவித்தது. ஏதாவது ஒரு அன்றாடச் செயலிலேனும் 4 புள்ளி இருந்தால்தான் அந்தப் பங்கு என்றது. ஆளும் கட்சி உறுப்பினர்களே எதிர்க்க, ஜூலை 1ஆம் திகதி அந்தப் பிரிவை விலக்கிக்கொண்டது. விலக்கிய செய்தி வந்த பிறகும் பழைய செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது. "இந்த நேரத்தில் அவர்கள் கண்ணில் படாதே" என்று மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் கேட்க வேண்டும்? ஏனென்றால் என் கண் மாறிவிட்டது. முதல் தீர்மானம் வந்தபோது என் சான்றிதழில் 'பார்வை குறைந்தவர்' என்றிருந்தது. இப்போது 'கடுமையாகப் பார்வை குறைந்தவர்' என்று வைத்திய நிபுணர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடி மேசை லாச்சிக்குள் கிடக்கின்றது. அதனால் இனிப் பயனில்லை. எழுத்தையும் குறியீட்டையும் அறவே வாசிக்க முடியாதவருக்கு 2 அல்ல, 8 புள்ளி. அதை ஏற்றுக்கொண்டால் நான் 14இல் நிற்பேன்.

நடமாட்டம் இதைவிட நுணுக்கமானது. பழக்கமில்லாத வழியில் துணையாளோ வெள்ளைப் பிரம்போ இல்லாமல் போக முடியாதவருக்கு 10 புள்ளி. பழகிய வழியிலும் முடியாது என்றால் 12. அந்த ஒரு சொல்லுக்கு, 'பழகிய' என்பதற்கு, 2025-26 தொகைப்படி வாரம் 47.85 பவுண் வித்தியாசம்.

இங்கே என் தவறைச் சொல்லத்தான் வேண்டும். அன்று தொலைபேசியில் மதிப்பீடு செய்த பெண் முதலில் கேட்டது "எப்படி இருக்கிறீர்கள்?" என்று. "நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். சிறுவயதிலிருந்து நாக்குக்குப் பழகிய பதில் அது. பிறகு, வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குத் தனியாகப் போவீர்களா என்று கேட்டார். "பழகிய வழிதானே, போவேன்" என்றேன். உண்மைதான், போனேன். ஆனால் இஷாவுக்குப் போகும்போது மகன் கூட வருவதையும், குப்பைத் தொட்டியில் மோதி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதையும், ஒருமுறை கார் வந்ததே தெரியாமல் தெருவில் இறங்கியதையும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு அந்நியப் பெண்ணிடம் என் இயலாமையை எண்ணிச் சொல்ல வெட்கம்.

பிப் விதியில் 'முடியும்' என்றால் எப்படியோ ஒப்பேற்றுவது அல்ல. பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஏற்கத்தக்க விதத்தில் செய்ய வேண்டும், தேவையான தடவைகள் திரும்பச் செய்ய முடிய வேண்டும், நியாயமான நேரத்துக்குள் முடிய வேண்டும். பாதுகாப்பு என்பதில் ஆபத்து எத்தனை தடவை வருகின்றது என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, வந்தால் எவ்வளவு பெரிய தீங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2017இல் மேல் தீர்ப்பாயம் சொல்லியிருக்கின்றது. கார் மோதுவது தினமும் நடக்கத் தேவையில்லை.

நம்மவர்களில் சிலர் இதைக் கூட்டிச் சொல்வதாக நினைத்துத் தயங்குகிறார்கள். இல்லாததைச் சொல்வது பொய். அது ஹராம் என்பதில் பேச்சே இல்லை. இருப்பதை வெட்கத்தில் மறைத்தால் அதுவும் உண்மையான பதில் ஆகாது. நான் அன்று சொன்னது பாதி.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: தீர்மானம் அன்றே பிழை என்றால் அதற்குரிய வழி கட்டாய மீள்பரிசீலனை. தீர்மானத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் 13 மாதம் வரை பிந்தியும் கேட்கலாம். அதிலும் சரிவராவிட்டால் சுயாதீனத் தீர்ப்பாயம். விசாரணைக்கு வரும் பிப் மேன்முறையீடுகளில் பாதிக்கும் மேல் விண்ணப்பதாரருக்குச் சார்பாகவே முடிகின்றன. எனக்கு அந்த வாசல் எப்போதோ மூடிவிட்டது. எனக்குரியது 'நிலைமை மாற்றம்' என்ற வழி. கூடுதல் தொகைக்கான நிலைமை 3 மாதம் நீடித்திருக்க வேண்டும், இன்னும் 9 மாதம் நீடிக்கும் என்றிருக்க வேண்டும். என் நோய் திரும்பி நல்லாகும் நோய் அல்ல.

பொறுத்திருந்தால் என்ன என்றும் யோசித்தேன். என்னுடைய கொடுப்பனவை 2028இல் அவர்களாகவே மீளாய்வு செய்வார்கள். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். மச்சானின் யோசனை அதுதான். ஆனால் 2028இல் எனக்கு 67. ஓய்வூதிய வயதும் எனக்கு அதுதான். அந்த வயதைத் தாண்டிய பின் ஏற்பட்ட மாற்றத்துக்காக நடமாட்டப் பங்கை உயர்த்தமாட்டார்கள். அன்றாட வாழ்வுப் பங்கு உயரலாம், நடமாட்டம் இருந்த இடத்தில் நிற்கும். மாற்றம் அதற்கு முன்பே வந்தது என்று அன்றைக்கு நான் எதை வைத்து நிரூபிப்பேன்? இந்த விதியை எனக்குச் சொன்னது சிட்டிசன்ஸ் அட்வைஸில் இருந்த ஒரு சகோதரி. வாட்ஸ்அப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தொகைகள் பெரிதாகத் தெரியும். இலங்கையில் இயலாமை உள்ளவர்களுக்கான கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவானது, அதுவும் மாதத்துக்கு. ஆனால் "பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்டால் இருப்பதையும் வெட்டிவிடுவார்கள்" என்ற பயத்தை நான் ஊரிலும் கேட்டிருக்கிறேன். பயம் ஒரே பயம்தான்.

பிப்பைத் தொடாமலே கிடைப்பவையும் உண்டு. கடுமையாகப் பார்வை குறைந்தவர் என்று மாநகர சபையில் பதிந்தால் வருமான வரியில் 2025-26க்கு 3,130 பவுண் மேலதிக விலக்கு. உங்களுக்கு அது பயன்படாவிட்டால் மனைவிக்கோ கணவருக்கோ மாற்றலாம். தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் பாதி விலை. வாகனத் தரிப்பிடத்துக்கான நீல அட்டை. இவற்றை நான் ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன்.

பிறகு கணக்கைப் போட்டேன். இரண்டு பங்கும் உயர்ந்தால் வாரம் 84.35 கூடும். எல்லாம் போனால், மனைவியின் தொகையும் சேர்த்து 186.40 குறையும். இழப்புத்தான் பெரியது. ஆனால் வாசிப்புக்கு 8 புள்ளி என்பது வைத்திய நிபுணரின் கடிதத்தோடு நிற்கின்றது. அது மட்டும் கிடைத்தாலே, குளியலறைக் கைபிடி போனாலும் சாதாரண தொகை போகாது. மச்சான் பயந்த அந்தச் சரியாக 8 என்ற விளிம்பில் நான் இப்போது இல்லை. இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அப்ப கடிதத்த முதல்ல எடு, பிறகு போன் பண்ணு" என்றார். அப்படியே செய்தேன்.

திங்கட்கிழமை அழைத்தேன். படிவம் வந்துவிட்டது, திருப்பி அனுப்ப ஒரு மாதம் இருக்கின்றது. தீர்மானம் வரும் வரை இப்போதைய தொகை தொடரும். மகன் கேள்விகளை வாசிக்கிறான், நான் சொல்கிறேன், மனைவி இடையில் குறுக்கிட்டுத் திருத்துகிறார். சமையல் கேள்விக்கு "சமாளிப்பேன்" என்று எழுதச் சொன்னேன். போன ரமழானில் கஞ்சிப் பானையைக் காலில் கவிழ்த்ததை எழுது என்றார் மனைவி. மகன் அதைத்தான் எழுதினான்.