கடிகாரம் காட்டும் கலோரி

மாரடைப்புக்குப் பின் நடைப்பயிற்சி தொடங்கியோர் சிலர், அரைமணி நேரம் நடந்தும் கைக்கடிகாரத்தில் கலோரிக் கணக்கு ஏறவில்லையே என்று வேகத்தைக் கூட்டுகின்றனர். அவ்வாறு செய்ய வேண்டாம்.

கடிகாரம் கலோரியை நேரடியாக அளப்பதில்லை. தோலினுள் ஒளியைச் செலுத்தி நாடித்துடிப்பை எண்ணி, வயது, எடை முதலியவற்றுடன் சேர்த்து ஊகிக்கிறது. உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகையில் ஏறத்தாழ 5 கிலோகலோரி செலவாகும். மிதமான பயிற்சியில் ஆக்சிஜன் தேவை கூடக் கூடத் துடிப்பும் உயரும் என்பதே இக்கணக்கின் அடிப்படை.

மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இந்த அடிப்படை பிசகிவிடுகிறது. தசைகள் உழைத்தாலும் துடிப்பு அதற்கேற்ப உயராது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் வாய்பாடும் இவர்களுக்குப் பொருந்தாது. எண் ஏறவேண்டும் என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. வெயில், நீரிழப்பு, பதற்றம் ஆகியவையோ உழைப்பின்றியே துடிப்பை உயர்த்தும்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆறு கருவிகளில் துடிப்பின் பிழை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. கலோரியிலோ மிகச் சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. இந்த எண்ணை நம்பி நீரிழிவு நோயாளர் இரண்டு இட்லி கூடுதலாக உண்பதும் சரியன்று.

நடக்கும்போது உடன் வருபவரிடம் பேச இயலவேண்டும். பாட இயலாத அளவு மூச்சு வாங்கலாம். பேச்சே தடைபட்டால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று, உதவிக்கு ஆளை அழையுங்கள்.